வைரஸை நீக்கிய பிறகும் படங்கள் ஏன் திறக்கவில்லை?

வாலாஜாபேட்டையில் ஸ்டூடியோ நடத்தும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: திருமண ஆல்பம் வேலை நடந்துகொண்டிருந்த கணினியில் ஒரே இரவில் எல்லாப் படங்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்துகள் ஒட்டிக்கொண்டன. எந்த ஃபோல்டரைத் திறந்தாலும் ‘ரீட்மீ’ என்ற எழுத்துக்கோப்பு ஒன்று இருக்கிறது; அதில் 980 டாலர் கொடுக்க வேண்டும், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி விலையாக 490 டாலர் போதும் என்று எழுதியிருக்கிறது. பக்கத்து சர்வீஸ் கடையில் ஆன்டிவைரஸ் ஓட்டி, வைரஸ் போய்விட்டது என்று சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் படங்கள் திறக்கவில்லை. ஃபார்மட் போட்டால் சரியாகுமா, இது எப்படி வந்தது, எப்படி நீக்குவது என்று கேட்கிறார்.

‘நீக்குவது’ என்று நீங்கள் ஒரே சொல்லில் கேட்டிருப்பது உண்மையில் இரண்டு வேலைகள். கணினியிலிருந்து அந்த நிரலை வெளியேற்றுவது ஒன்று. அது பூட்டிவிட்டுப் போன கோப்புகளைத் திறப்பது மற்றொன்று. முதல் வேலை எளிது, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாவது சில நேரங்களில் முடியவே முடியாது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. கடைக்காரர் செய்து கொடுத்தது முதலாவது. ஃபார்மட் போட்டால் இரண்டாவதற்கு இருக்கும் வாய்ப்பும் போய்விடும் என்பதால், இதைப் படிக்கும் வரை அதைச் செய்யாமல் இருந்திருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். வேலூரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணினி சர்வீஸும் அலுவலக நெட்வொர்க் பராமரிப்பும் செய்துவருகிறேன். ராணிப்பேட்டை சிப்காட்டின் தோல் கம்பெனி அலுவலகங்கள், ஆம்பூர் ஷூ யூனிட்டுகள், ஆடிட்டர்கள், ஸ்டூடியோக்கள் என்று பல இடங்களில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் இந்தப் பணப்பறிப்பு நிரல்களோடு (ரான்சம்வேர்) மல்லுக்கட்டியிருக்கிறேன். ஆனால் உங்கள் கணினியை நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதியதை வைத்து ஊகிப்பதை ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

ராஜா இல்லாத கோட்டை, தண்ணீர் இல்லாத ஆறு என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. உங்கள் கோப்புகளும் இப்போது அப்படித்தான் தெரிகின்றன: பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது, உள்ளே படம் மட்டும் இல்லை. சரியாகச் சொன்னால் படமும் உள்ளேதான் இருக்கிறது, ஆனால் சாவி இல்லாமல் படிக்க முடியாத எண்குவியலாக மாற்றப்பட்டிருக்கிறது. 1989இல் முதன்முதலில் இந்த வகை நிரல் ஒன்று, எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்ற பெயரில் சுமார் 20,000 ஃபிளாப்பிகளில் தபாலில் அனுப்பப்பட்டு, பனாமாவில் உள்ள ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னது. அது பூட்டவும் திறக்கவும் ஒரே சாவியைப் பயன்படுத்தியதால், நிரலைப் பிரித்துப் பார்த்தவர்கள் சாவியை அதிலிருந்தே எடுத்துவிட்டார்கள். 2013இல் பரவிய கிரிப்டோலாக்கர் என்ற பணப்பறிப்பு நிரலுக்குப் பிறகு அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று வருபவை அழுத்தினாலே பூட்டிக்கொள்ளும் பூட்டைப் போன்றவை. பூட்டுவதற்குச் சாவி வேண்டாம், திறப்பதற்கு மட்டும்தான் வேண்டும். உங்கள் கணினிக்குள் வந்தது பூட்டு மட்டுமே. திறக்கும் சாவி ஒருபோதும் உங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. ஆகவே பூட்டிய ஆளைப் பிடித்து வெளியே தள்ளினாலும் அவன் மடியில் சாவி இருக்காது. ஆன்டிவைரஸ் ஓட்டிய பிறகும் படங்கள் திறக்காததற்குக் காரணம் இவ்வளவுதான்; கடைக்காரர் பொய் சொல்லவில்லை.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது நான்கு எழுத்து வால், ரீட்மீ கோப்பு, 980க்கும் 490க்கும் இடையிலான பேரம், 72 மணி நேரக் கெடு ஆகிய அனைத்தும் ‘ஸ்டாப்’ அல்லது ‘டிஜேவியூ’ என்று அழைக்கப்படும் நிரல் குடும்பத்துக்கு (ஒரே மூலத்திலிருந்து வரும் ஒரே வகை நிரல்களைக் குடும்பம் என்கிறோம்) அப்படியே பொருந்துகின்றன. இதை ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஆனால் ஒரு குடும்பத்தின் மிரட்டல் கடிதத்தை இன்னொன்று காப்பியடிப்பதும் நடக்கிற காரியம்தான். ‘ஐடி ரான்சம்வேர்’ என்ற இணையதளத்தில் அந்த ரீட்மீ கோப்பையும், பூட்டப்பட்ட ஒரு சிறு கோப்பையும் ஏற்றினால் குடும்பப் பெயரைச் சொல்லிவிடும். யாருடைய தனிப்பட்ட படமாகவும் இல்லாத ஏதாவது ஒன்றை ஏற்றுங்கள். கல்யாண வீட்டுப் படம் வேண்டாம்.

அந்தக் குடும்பம்தான் என்றால் அது வந்த வழியும் பெரும்பாலும் தெரிந்ததே. மின்னஞ்சலில் வருவதைவிட, காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருளை இலவசமாக ஓடவைக்கும் ‘கிராக்’, ‘கீஜென்’, விண்டோஸ் ஆக்டிவேட்டர் போன்றவற்றின் உள்ளே ஒளிந்துதான் இது அதிகம் வருகிறது. உங்களைக் குற்றம் சாட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை; மாதாமாதம் சந்தா கட்டி ஃபோட்டோஷாப் வைத்திருக்கும் சிறிய ஸ்டூடியோக்களை நம் பக்கத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது எனக்குத் தெரியும். கடந்த சில நாட்களில் புதிய ஆல்பம் டிசைன் பிளக்-இன் எதையாவது இறக்கினீர்களா, அதை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொன்னார்களா, ஓட்டிய பிறகு ‘விண்டோஸ் அப்டேட்’ என்று சதவீதக் கணக்கோடு ஒரு சன்னல் ஓடியதா என்று யோசித்துப் பாருங்கள். அந்த அப்டேட் சன்னல் பெரும்பாலும் போலி. கணினி மெதுவானதற்கு ஒரு சாக்குக் காட்டிவிட்டு, அதன் பின்னால் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டுக்கொண்டிருக்கும். இந்த நிரல் வேலையைத் தொடங்கும் முன் கணினி எந்த நாட்டில் இருக்கிறது என்று பார்க்கிறது. ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான் போன்ற சில நாடுகளாக இருந்தால் தொடாமல் போய்விடுகிறது. அந்தச் சலுகைப் பட்டியலில் நாம் இல்லை.

மற்ற வழிகளையும் சொல்லிவைக்கிறேன், உங்கள் தெருவில் வேறு யாருக்காவது பயன்படலாம். தோல் ஏற்றுமதி அலுவலகங்களில் நான் அதிகம் பார்த்தது, சென்னையில் இருக்கும் முதலாளியோ ஆடிட்டரோ வீட்டிலிருந்தே கணக்கு மென்பொருளான டேலியைத் திறப்பதற்காக, தொலைவிலிருந்து கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப்பை நேரடியாக இணையத்துக்குத் திறந்துவிட்டு, யாரும் ஊகித்துவிடக்கூடிய பாஸ்வேர்டு வைத்திருப்பது. ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் 3389 என்ற எண்ணுள்ள அந்த இணைய வாசலை உலகம் முழுவதும் தட்டிக்கொண்டே இருக்கும் நிரல்கள் உண்டு. திறந்ததும் ஓர் ஆள் உள்ளே வந்து, பேக்கப்பை முதலில் அழித்துவிட்டு, பிறகுதான் பூட்டுவான். இன்வாய்ஸ், ஷிப்பிங் டாக்குமெண்ட் என்ற பெயரில் வரும் இணைப்புகள் இன்னொரு வழி. 2017 மே 12 அன்று வெடித்த வானாக்ரை என்ற பணப்பறிப்பு நிரல் இவை எதுவும் இல்லாமலே, யாரும் எதையும் சொடுக்காமலே, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகக் கணினியிலிருந்து கணினிக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே, ஏறக்குறைய இரண்டு மாதங்களுக்கு முன்பே, வெளியிட்டிருந்தது. உங்கள் விஷயத்தில் இந்த மூன்றுக்கும் வாய்ப்புக் குறைவு.

இனி செய்ய வேண்டியது. முதலில் கணினியின் இணைய இணைப்பைப் பிடுங்குங்கள். வேறு எந்த ஹார்ட் டிஸ்கையும், பென் டிரைவையும், மெமரி கார்டையும் அதில் செருகாதீர்கள். இந்தக் குடும்பம் பயனரின் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தன்னை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, ‘டைம் டிரிக்கர் டாஸ்க்’ என்ற பெயரில் குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலையைப் பதிந்துவிடுகிறது. அது குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி எழுந்து, புதிதாக என்ன செருகியிருக்கிறீர்கள் என்று பார்த்து அதையும் பூட்டும். படங்களைக் காப்பாற்றலாம் என்று பேக்கப் டிஸ்கைக் கொண்டுவந்து செருகி, இருந்த ஒரே நல்ல பிரதியையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆன்டிவைரஸ் ஓட்டியாகிவிட்டது என்று நீங்கள் சொன்னாலும், டாஸ்க் ஷெட்யூலரில் அந்தப் பெயர் இருக்கிறதா, விண்டோஸ் தொடங்கும்போது ஓடுபவற்றின் பட்டியலில் ‘சிஸ்ஹெல்பர்’ இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். எந்த இணையதளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று விண்டோஸுக்குச் சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பையும் பார்க்க வேண்டும். பாதுகாப்பு நிறுவனங்களின் தளங்களைத் திறக்கவிடாமல் செய்வதற்காக அதில் வரிகளைச் சேர்த்துவிடும் வழக்கம் இதற்கு உண்டு.

அடுத்து, அந்த ஹார்ட் டிஸ்கை அப்படியே கழற்றி, துணியில் சுற்றி, தேதி எழுதி, பீரோவில் வையுங்கள். வேலை நின்றுவிடக் கூடாது என்றால் புதிய எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி அதில் விண்டோஸ் போட்டுக்கொள்ளுங்கள். செலவுதான், ஆனால் நான் இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 2016 மார்ச் மாதம் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கோப்புகள் எல்லாம் ‘மைக்ரோ’ என்ற வாலோடு நின்றன. டெஸ்லாகிரிப்ட் என்ற குடும்பம் அது. அன்றைக்குத் திறக்க வழியே இல்லை. பூட்டிய கோப்பை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று நானே அவரிடம் சொல்லி, நானே ஃபார்மட் போட்டேன். அதே ஆண்டு மே மாதம் அந்தக் குடும்பத்தை நடத்தியவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு, எல்லாக் கோப்புகளையும் திறக்கும் முதன்மைச் சாவியைத் தாங்களே வெளியிட்டுவிட்டார்கள். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அத்தனையும் இலவசமாகத் திறந்திருக்கும். அதை அவரிடம் போய்ச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. சாவிகள் வெளியே வருவது அபூர்வம் என்றாலும் நடக்கிறது: 2019 ஜூலையில் காண்ட்கிராப் என்ற குடும்பத்தின் முதன்மைச் சாவிகளை அமெரிக்க எஃப்பிஐ வெளியிட்டது, 2025இல் போபோஸ் குடும்பத்துக்கு ஜப்பானியக் காவல்துறை திறப்பான் ஒன்றை வெளியிட்டது.

உங்கள் கோப்புகள் திறக்குமா என்பது முக்கியமாக ஒரு விஷயத்தைப் பொறுத்தது. இந்த நிரல் வேலையைத் தொடங்கும்போது தன் சர்வரோடு பேச முயலும். பேச முடிந்தால் உங்கள் கணினிக்கென்றே தனியாக ஒரு சாவியை அங்கிருந்து வாங்கும். இதை ஆன்லைன் சாவி என்கிறார்கள்; முன்பு பூட்டு என்று நான் சொன்னது இதைத்தான், திறக்கும் சாவி அவர்களிடமே இருக்கும். இணையம் அறுந்திருந்தாலோ சர்வர் பதில் சொல்லாவிட்டாலோ, தன்னுள்ளேயே கொண்டுவந்திருக்கும் பொதுச் சாவியால் பூட்டும். அந்த ஆஃப்லைன் சாவி அதே வகையில் சிக்கிய எல்லாருக்கும் ஒன்றே. எவரோ ஒருவர் பணம் கட்டித் திறவுகோலை வாங்கி ஆராய்ச்சியாளர்களிடம் கொடுத்துவிட்டால், அது மற்ற அனைவருக்கும் பயன்படும். எது உங்களுக்கு நேர்ந்தது என்பதை ரீட்மீ கோப்பின் அடியில் இருக்கும் நீண்ட அடையாளக் குறியீடு சொல்லும். அது ‘t1’ என்ற ஆங்கில எழுத்திலும் எண்ணிலும் முடிந்தால் ஆஃப்லைன், வேறு எதில் முடிந்தாலும் ஆன்லைன். சி டிரைவில் ‘சிஸ்டம்ஐடி’ என்ற ஃபோல்டருக்குள்ளும் அந்தக் குறியீடு இருக்கும். ஒன்றுக்கு மேற்பட்டவை அங்கே இருந்தால், சில கோப்புகள் ஒரு சாவியாலும் மற்றவை வேறொன்றாலும் பூட்டப்பட்டிருக்கலாம், ஆகவே ஒரு பகுதி திறக்க வாய்ப்புண்டு.

இதற்கான இலவசத் திறப்பான் எம்சிசாஃப்ட் நிறுவனத்துடையது. 2019 அக்டோபரில் வெளிவந்தது. 2019 ஆகஸ்டுக்கு முன் வந்த பழைய வகைகளுக்கு அது நன்றாகவே வேலை செய்யும். அதற்குப் பின் வந்தவற்றில் ஆஃப்லைன் சாவி கிடைத்த வகைகளுக்கு மட்டும். ‘நோ மோர் ரான்சம்’ என்ற தளத்தின் வழியாகவே அதை இறக்குங்கள். நெதர்லாந்துக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் இரண்டு ஆன்டிவைரஸ் நிறுவனங்களோடு சேர்ந்து 2016 ஜூலையில் தொடங்கிய தளம் அது. தேடுபொறியில் முதலில் வருவதை இறக்காதீர்கள். இதே டிஜேவியூ குடும்பத்துக்குத் திறப்பான் என்று சொல்லிக்கொண்டு 2020இல் சோராப் என்ற ஒன்று வந்தது. அது பூட்டிய கோப்புகளை மறுபடியும் பூட்டியது.

ஆன்லைன் சாவி என்றால் இன்றைய நிலையில் கணித வழியில் திறக்க முடியாது. இதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஸ்டூடியோக்காரராக உங்களுக்கு வேறு சில கதவுகள் உண்டு, இந்த வகை ஒவ்வொரு கோப்பிலும் ஏறக்குறைய முதல் 150 கிலோபைட்டை மட்டுமே பூட்டுகிறது என்பதால். வேகம் வேண்டி அவர்கள் செய்த சிக்கனம் அது. நூற்றுக்கணக்கான மெகாபைட் உள்ள ஒரு வீடியோவில் அது தலைமுடி அளவு. அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், ‘மீடியா ரிப்பேர்’ போன்ற கருவிகள் பெரும்பாலான பகுதியை ஓடவைத்துவிடுகின்றன. ஜிப் கோப்பாக இருந்தால் அதன் அட்டவணை கடைசியில் இருக்கிறது என்பதால், முதலில் இருக்கும் ஓரிரு படங்கள் தவிர மீதியைப் பிரித்தெடுக்கலாம். ஜேபெக் படங்கள் கொஞ்சம் கடினம். அதே கேமராவின் நல்ல படத்திலிருந்து தலைப்பகுதியைக் கடன் வாங்கி ஒட்டினால் படத்தின் மேல்பட்டை ஒன்று போய், நிறமும் சற்று மாறி, மீதி வரக்கூடும். தாலி கட்டும் படம் மேல்பட்டை இல்லாமல் வந்தாலும் கல்யாண வீட்டாருக்கு அது படம்தான். சிறிய கோப்புகளுக்கு, குறிப்பாக வாட்ஸ்அப்பில் வந்த படங்களுக்கும் பில்களுக்கும், இது உதவாது. 150 கிலோபைட்டுக்குள்ளேயே அவை முடிந்துவிடுகின்றன.

அதைவிட முக்கியமானவை கணினிக்கு வெளியே இருப்பவை. கேமராவின் மெமரி கார்டுகளை இன்றே எடுத்துத் தனியாக வையுங்கள், இனி அவற்றில் ஒரு படமும் எடுக்காதீர்கள். கார்டைக் கேமராவில் ஃபார்மட் போட்டிருந்தாலும், மேலே புதிதாக எழுதப்படாத வரை ‘ஃபோட்டோரெக்’ என்ற இலவச மென்பொருள் வேறொரு நல்ல கணினியில் அவற்றை எடுத்துத் தரும். இருக்கும் வழிகளிலேயே எனக்கு அதிக நம்பிக்கை தருவது இதுதான். ஆல்பம் அடிக்க லேபுக்கு அனுப்பிய பக்கங்கள் அவர்களிடம் இருக்கிறதா என்று கேளுங்கள். கல்யாண வீட்டாருக்குக் கொடுத்த பென் டிரைவ், அனுப்பிய டிரைவ் லிங்க் எல்லாம் பிரதிகளே. கூகுள் டிரைவ் கணினியோடு ஒத்திசைந்திருந்தால் பூட்டிய கோப்பே அங்கும் ஏறியிருக்கும். ஆனால் பழைய பதிப்புகளை அது 30 நாட்கள் வைத்திருக்கும், அந்தக் கெடுவுக்குள் பாருங்கள். கணினியின் டிஸ்கில் அழித்த கோப்பை மீட்கும் மென்பொருளை ஓட்டச் சொல்லிப் பலர் யோசனை சொல்வார்கள். இந்த நிரல் கோப்பின் மேலேயே எழுதுவதால் அது அரிதாகவே பலன் தரும்.

பணம் கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். கட்டியவர்களுக்குச் சாவி கிடைத்ததும் உண்டு, கிடைக்காமல் போனதும் உண்டு. தவணை தள்ளுபடி போல 490 என்று சொல்வது அவசரப்படுத்தத்தானே தவிர, 72 மணி நேரம் கழிந்தால் கோப்புகள் அழிந்துவிடாது. நான் கட்டச் சொல்லமாட்டேன். உறுதியாகத் திறந்து தருகிறோம் என்று சொல்லும் மீட்பு நிறுவனங்களில் சில, உங்களுக்குத் தெரியாமல் அதே ஆட்களிடம் பணம் கட்டிச் சாவி வாங்கி, மேலே தங்கள் லாபத்தை வைத்து உங்களிடம் வாங்குகின்றன. ஆன்லைன் சாவியை உடைக்கிறோம் என்று யார் சொன்னாலும் எப்படி என்று கேளுங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடிய ஒன்று: இந்தக் குடும்பம் பல நேரங்களில் தனியாக வருவதில்லை, பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திருடும் நிரல் ஒன்றையும் கூட்டிக்கொண்டு வருகிறது. உங்களுக்கும் வந்தது என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் வந்தது என்று எடுத்துக்கொள்வதே நல்லது. ஜிமெயில், வங்கி, ஜிஎஸ்டி தளம், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து, உங்கள் கைபேசியிலிருந்தே, மாற்றிவிடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிந்து, மிரட்டல் கடிதத்தின் நகலோடு ராணிப்பேட்டை மாவட்டக் காவல்துறையின் சைபர் குற்றப் பிரிவிலும் ஒரு மனு கொடுங்கள். வங்கிக் கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் மட்டும் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள். புகாரால் படம் திரும்பாது, ஆனால் ஆல்பம் தாமதமானதற்குக் கல்யாண வீட்டாரிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

குறியீட்டின் கடைசி இரண்டு எழுத்துகளையும், கோப்புகளின் பின்னால் ஒட்டியிருக்கும் நான்கு எழுத்துகளையும், கேமராவின் மாடலையும் எழுதுங்கள். அவை இருந்தால் திறப்பானை ஓட்டிப் பார்ப்பதா, நேரடியாக மெமரி கார்டிலிருந்து தொடங்குவதா என்று சொல்லிவிடலாம்.